பிரைட்டனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கூழாங்கல் கரையில் ஒரு நாள்

இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத்தில் உள்ள பிரைட்டனுக்கு முதல்முறை போனபோது அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். கடற்கரை என்றதும் மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். மணலே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை கூழாங்கல். எலுமிச்சை அளவு, முட்டை அளவு, சிலது உள்ளங்கை அளவு. "இதுக்கா ஒரு மணி நேரம் ரயில்ல வந்தோம்?" என்றார். அன்று மாலைக்குள் அவர் மனம் மாறிவிட்டது. ஆனால் அதற்குக் கடலை விட்டு ஊருக்குள் போக வேண்டியிருந்தது.

அப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போய் அழைத்துப் போய், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று ஒரு வரிசை பழகிவிட்டது. படிக்க வந்த மாணவர்கள், நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர்கள் என்று லண்டன் பக்கம் புதிதாக வந்திருப்பவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன்.

போகுமுன் ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது பிரைட்டெல்ம்ஸ்டன் என்ற மீனவர் ஊர். பக்கத்திலுள்ள லூயிஸைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், கடல்நீரில் குளித்தால் சுரப்பி நோய்கள் தீரும் என்று 1750இல் லத்தீனில் ஓர் ஆய்வு எழுதினார். குளித்தால் மட்டுமில்லை, குடித்தாலும் தீருமாம். நம் வீட்டில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆனால் பணக்காரர்கள் நம்பினார்கள், வந்தார்கள், குடித்தார்கள். 1783இல் இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனவர், முதல்முறை வந்தார். அதோடு ஊருக்கு யோகம் அடித்தது. 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்த பிறகு சாதாரண ஜனங்களும் வரத் தொடங்கினார்கள். இன்று நாம் போவதும் அதே தடத்தில்தான்.

நாளும் டிக்கெட்டும்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல பருவம். அதிலும் வெயில் அடிக்கும் சனிக்கிழமையைத் தவிருங்கள். லண்டனில் பாதி அங்கேதான் இருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில், பால்புதுமையினரின் 'பிரைட்' ஊர்வலம் நடக்கும் வார இறுதியில் ஊரே கொண்டாட்டமாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே போனால் நல்லது. தெரியாமல் அம்மா அப்பாவோடு போய் நின்றால் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது.

குளிர்காலத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பொழுது சாயும் நேரத்தில் ஸ்டார்லிங் பறவைகள், நம் மைனாவின் சொந்தக்காரர்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் 'பியர்' என்ற கடற்பாலத்தின் மேல் ஆயிரக்கணக்கில் கூடும். ஒரு கறுப்புத் துணியை யாரோ வானத்தில் உதறுவதுபோல் சுழன்றுவிட்டு, சட்டென்று பாலத்துக்கு அடியில் அடைந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் மூன்றரைக்கே போய் நின்றுகொள்ளுங்கள். இதற்குக் காசு கிடையாது.

லண்டன் விக்டோரியாவிலிருந்து நேர் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லண்டன் பிரிட்ஜ், செயின்ட் பாங்க்ராஸ் பக்கம் இருப்பவர்களுக்குத் தேம்ஸ்லிங்க் ரயில் உண்டு, சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். தேம்ஸ்லிங்கில் மட்டும் செல்லும் டிக்கெட் பெரும்பாலும் மலிவு. மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து, நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் 'குரூப்சேவ்' சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாணவர்கள் ரயில்கார்டு என்ற சலுகை அட்டை எடுத்துவிடுங்கள், சில பயணங்களில் அதன் விலை வந்துவிடும். லண்டன் பயணத்துக்கான ஆய்ஸ்டர் அட்டையை நம்பி ஏறாதீர்கள். அது கேட்விக் விமான நிலையம் வரைதான், பிரைட்டனில் செல்லாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். ஒருமுறை பார்க்காமல் போய், பாதி வழியில் இறக்கிவிடப்பட்டு, மாற்றுப் பேருந்துக்கு வரிசையில் நின்றே காலைப் பொழுது போனது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைக் கடலைப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்தில் தின்றோம்.

காரில் போகலாமா என்றால், போகலாம். நிறுத்துவதற்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ரயில் டிக்கெட் வாங்கிவிடலாம்.

பையில் என்ன

அடிப்பகுதி கெட்டியான செருப்பு அல்லது ஷூ. ரப்பர் செருப்பு கூழாங்கல்லில் புரளும். தண்ணீரில் இறங்கப் போகிறவர்களுக்கு, நீரில் போடும் மெல்லிய ஷூ பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். அதைக் கிளம்புமுன்பே வாங்கிக்கொள்ளுங்கள், கடற்கரைக் கடையில் விலை ஏறியிருக்கும். உட்காரத் தடித்த விரிப்பு. ஆகஸ்டானாலும் ஒரு ஜாக்கெட், காற்று சும்மா விடாது. புடவையில் வரும் பெரியவர்களுக்கு ஒரு மாற்றுத்துணி. அலை காலை மட்டும் நனைத்துவிட்டுப் போகாது.

ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடலுக்கு ஓடாதீர்கள்

வெளியே வந்ததும் குவீன்ஸ் ரோடு நேராக இறக்கத்தில் போகும். அதன் முடிவில் கடல் தெரியும். பதினைந்து நிமிட நடை. எல்லோரும் அப்படியே இறங்கி, கடலைப் பார்த்து, பாலத்தில் ஏறி, சிப்ஸ் தின்று, படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அதைத்தான் செய்யவிருந்தேன். அம்மாவின் பாதம்தான் காப்பாற்றியது.

பாதி வழியில் இடப்பக்கம் திரும்பி நார்த் லேன் தெருக்களுக்குள் நுழையுங்கள். பழைய துணி, இசைத்தட்டு, நகை, சாமான் என்று சின்னச் சின்னக் கடைகள். சைவச் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை, அதுவும் இந்தத் தெருக்களில். காலைக் காபியை இங்கே முடித்துக்கொண்டு, கிழக்குப் பக்கமாக நடந்தால் சில நிமிடத்தில் ராயல் பெவிலியன் எதிரே வந்துவிடும்.

பார்த்ததும் சென்னைக்காரர்களுக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். ஐகோர்ட்டை யாரோ வெள்ளையடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ என்று. வெங்காயம் போன்ற கும்பங்கள், ஸ்தூபிகள், வலைவேலைப்பாடு. ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் 1822 வரை, ஏற்கெனவே இருந்த கட்டடத்தைச் சுற்றி இதைக் கட்டினார். டேனியல் என்ற ஓவியர்கள் இருவர் இந்தியா போய் வரைந்து வந்த படங்கள்தான் முன்மாதிரி. உள்ளே போனால் இந்தியா மறைந்து சீனா வந்துவிடும். விருந்து மண்டபத்தின் கூரையில் ஒரு பறவைநாகம், அதன் பிடியில் ஒரு டன் எடையுள்ள சரவிளக்கு. அதன் கீழே உட்கார்ந்து எப்படிச் சோறு இறங்கியதோ. எனக்குப் பிடித்தது சமையற்கட்டுதான். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களின் உச்சியில் செம்பில் பனையோலை போல் விரித்திருக்கிறார்கள். விக்டோரியா ராணிக்கு இந்த அரண்மனை பிடிக்கவில்லை, ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று. 1850இல் ஊரே இதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம் வரை இங்கேதான் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். சரவிளக்குகளுக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள். மதம், சாதி பார்த்து ஒன்பது தனித்தனி சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். அந்தப் படங்களை இந்தியாவில் பரப்பி, ராஜா தன் அரண்மனையையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று பேர் வாங்கிக்கொண்டார்கள். அரண்மனை அரச குடும்பத்தின் கையைவிட்டுப் போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா அந்தக் கட்டில் படங்களின் முன் வெகுநேரம் நின்றார். "இத்தனை தூரம் வந்து, இந்தக் குளிர்ல" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வரும்போது தெற்கு வாசலில் உள்ள இந்தியா கேட்டைப் பாருங்கள். இந்திய மன்னர்களும் மக்களும் தந்த நன்றிப் பரிசாக, 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்து வைத்தது. பெவிலியனுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு, தோட்டம் இலவசம்.

இங்கிருந்து கடலுக்குப் போகும் வழியில் தி லேன்ஸ் சந்துகள் வரும். பழைய மீனவர் ஊரின் தெரு அமைப்பு இதில்தான் மிச்சம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நகைக்கடைகள் அதிகம். வேடிக்கை பாருங்கள், போதும்.

கடலும் கடற்பாலமும்

இப்போது கடல். சாப்பாட்டு நேரமும் ஆகியிருக்கும். மீன் சிப்ஸ் வாங்கினாலும், வீட்டிலிருந்து கொண்டுபோனதைப் பிரித்தாலும், ஒரு கண் வானத்தில் இருக்கட்டும். இங்குள்ள கடற்காகங்கள் கோழியை விடப் பெரியவை, வெட்கம் கெட்டவை. பின்னாலிருந்து வந்து தோளை உரசிக்கொண்டு கையிலிருப்பதை எடுத்துப் போய்விடும். என் மாமா கையிலிருந்த மசால் வடை அப்படித்தான் போனது. பாட்டி வடை சுட்ட கதையில் வரும் காகத்தைப் பாட்டுப் பாடச் சொன்னால் வடை கீழே விழும். இது பாடாது, அங்கேயே விழுங்கிவிடும். சுவரில் முதுகு சாய்த்து, சாப்பாட்டை மடிமேல் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

கடற்பாலம் 1899இல் திறந்தது, 500 மீட்டருக்கு மேல் நீளம். கோடையில் வெளியூர்க்காரர்களிடம் சிறு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் ராட்டினம், காசு விழும் மெஷின் என்று பர்ஸ் கரைந்துவிடும். இத்தனை பவுண்டுதான் என்று முதலிலேயே கையில் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அரை மணி நேரம் போதும் என்பது என் கணக்கு. பாலத்தின் நுனி வரை நடந்து, திரும்பி நின்று ஊரைப் பாருங்கள். அதுதான் அங்கே உள்ள நல்ல விஷயம். மேற்கே கடலுக்கு நடுவில் ஓர் இரும்பு எலும்புக்கூடு நிற்கும். அது 1866இல் திறந்த வெஸ்ட் பியர். 1975இல் மூடினார்கள், 2003இல் தீப்பிடித்தது. பாழடைந்தபின்தான் அதற்கு அழகு வந்தது என்று சொல்வேன்.

பாலத்துக்குப் பக்கத்திலிருந்து கிழக்கே ஒரு குட்டி ரயில் போகும். மாக்னஸ் வோல்க் என்பவர் 1883இல் போட்டது, உலகில் இன்றும் ஓடும் மின்சார ரயில்களில் மிகப் பழையது. குளிர்காலத்தில் ஓடாது. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு விஷயம்: கிழக்குக் கோடியில், படகுத்துறைக்குச் சற்று முன்னால், ஆடையில்லாமல் குளிப்பதற்கென்று 1980இலேயே ஒதுக்கிய கரை இருக்கிறது. அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள், கல்மேடும் மறைக்கும். மாமியாரோடு காலார நடந்து போய் அதில் முடிய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பெரியவர்களோடு நடப்பதென்றால் மேற்கே, ஹோவ் பக்கம் போங்கள். புல்வெளியும் வண்ண வண்ண மரக்குடில்களும் உண்டு, கூட்டமும் குறைவு.

அங்கே நடக்கும்போது இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளலாம். பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகமது இந்தக் கடலோரத்தில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். மூலிகை ஆவியில் வேகவைத்து, உடம்பைப் பிடித்துவிடுவது அவர் வைத்தியம். சாம்போ என்ற இந்திச் சொல்லுக்கு அமுக்கு, பிடித்துவிடு என்று பொருள். அதுதான் இன்று தலைக்குப் போடும் ஷாம்பு. நான்காம் ஜார்ஜுக்கும், அவருக்குப் பின் வந்த நான்காம் வில்லியமுக்கும் ஷாம்பு வைத்தியர் என்ற பட்டமே அவருக்கு உண்டு. செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

தண்ணீரில் இறங்குபவர்கள் இதை மட்டும் கேளுங்கள்

கடலோரம் வளர்ந்தவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். நமக்குத் தெரிந்த கடல் வேறு, இது வேறு.

முதலாவது, குளிர். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் 17, 18 டிகிரிதான். திடீரென்று குதித்தால் மூச்சு முட்டும், நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் ஓடாது. மெல்ல இறங்குங்கள். இரண்டாவது, கரை படாரென்று இறங்கும். இடுப்பளவு நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டில் தலைக்கு மேல் போய்விடும். காலடியில் கல் சரியும், திரும்பி ஏறுவது இறங்குவதுபோல் இல்லை. மூன்றாவது, ஏற்றவற்றம். சென்னையில் கடல் ஏறி வற்றுவது ஏறக்குறைய ஒரு மீட்டர், அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. பிரைட்டனில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஆறு மீட்டர் வரை போகும். அன்றைய ஏற்ற நேரத்தைக் கைபேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்கவே கூடாது. இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் கையை உயர்த்துங்கள். கரையில் இருப்பவர் உள்ளே குதிக்காமல் 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் பிரிவு) என்று கேட்க வேண்டும்.

'மணல் கடற்கரையே கிடையாதா?' என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது. மேற்கே வெஸ்ட் விட்டரிங், கிழக்கே ரை ஊர்ப் பக்கம் கேம்பர் சாண்ட்ஸ். இரண்டுமே பிரைட்டனிலிருந்து தூரம், தனி நாள் வேண்டும். வெஸ்ட் விட்டரிங்குக்குக் காரில் போனால் நிறுத்துமிடத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். கேம்பரில் மணல் மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கும், பார்க்க நம் ஊர் போலவே இருக்கும். 2016 ஆகஸ்டில் லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் அங்கே இறந்துபோனார்கள். கடல் வற்றியிருக்கும்போது திட்டுகளில் வெகுதூரம் நடந்துவிடலாம். ஏறும்போது முதலில் நமக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளங்கள் நிரம்பும். முன்னால் கடல் அமைதியாக இருக்கும், முதுகுப் பக்கம் வழி அடைபட்டிருக்கும். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை, அதற்குப் பிறகுதான் வைத்தார்கள். அங்கே போகிற எந்த நண்பர் கூட்டத்துக்கும் இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

ஒரு நாள் தங்க முடிந்தால், 12ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். மேல்தட்டில், வலப்பக்க ஜன்னல். வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். கடலை ஒட்டியே கிழக்கே போகும். முதலில் ராட்டிங்டீன் என்ற சிற்றூர். எழுத்தாளர் கிப்ளிங் 1897 முதல் 1902 வரை குடியிருந்த இடம். வெள்ளைப் பாறைச் சுவருக்குக் கீழே கடலோரமாகச் சமதளமான நடைபாதை இருக்கிறது, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் நண்டும் சிப்பியும் தேடலாம், பிள்ளைகள் வரமாட்டேன் என்பார்கள்.

அதே பேருந்தில் மொத்தம் ஒரு மணி நேரம் போனால் எக்சீட் நிறுத்தம், செவன் சிஸ்டர்ஸ் பூங்கா. பாம்பு போல் வளைந்து போகும் கக்மியர் ஆற்றோரம் அரை மணி நேரம் நடந்தால் கடல். இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று சுண்ணப் பாறைகள், சேலைக் கொசுவம் போல் ஏறி இறங்கும். நான் இங்கிலாந்தில் பார்த்ததில் இதுதான் முதலிடம், லண்டன்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஆனால் அது சாக்கட்டி போன்ற பாறை, அடிக்கடி லாரி லாரியாகச் சரியும். விளிம்பில் வேலி கிடையாது. மேலே நின்று கால் தொங்கவிட்டுப் படம் எடுப்பதும், கீழே பாறை நிழலில் விரிப்புப் போட்டுச் சாப்பிடுவதும் ஒரே மாதிரி முட்டாள்தனம்.

மாறாக, நடக்கத் தெம்பும் மனமும் இருந்தால், ஊருக்கு வடக்கே பேட்சம் வரை பேருந்தில் போய், மேட்டில் அரை மணிக்கு மேல் ஏறினால் சத்ரி. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரைத் தகனம் செய்த இடத்தில் வெள்ளைப் பளிங்கு மண்டபம், 1921இல் திறந்தது. கார் போகாது. கடை, கழிப்பறை எதுவும் இல்லை. தண்ணீர் எடுத்துப் போங்கள். சுற்றிலும் ஆடு மேயும், கீழே தூரத்தில் கடல் ஒரு கோடு மாதிரி தெரியும்.

திரும்பும்போது

ஸ்டேஷனுக்கு இப்போது ஏற்றம் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் கடலோரத்திலிருந்தே பேருந்து பிடியுங்கள். கோடையில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ரயிலில் நெரிசல். கொஞ்சம் இருந்து, பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார்ந்து வரலாம்.

அப்புறம், ரயில் ஏறுமுன் பிள்ளைகளின் சட்டைப்பையைத் தட்டிப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கூழாங்கல் எடுத்துப் போவது இங்கே சட்டப்படி தவறு, 1949ஆம் ஆண்டுச் சட்டம். கரையைக் காப்பது அந்தக் கல்தான். என் மகளிடம் ஏழு இருந்தது. அம்மாவின் கைப்பையில் இரண்டு.